மார்கழியில் காயாத சுவர்

பந்தல்குடியைத் தாண்டி இரண்டு மைல் வந்த பிறகுதான் பையைத் தோள் மாற்றினேன். தை பிறந்து மூன்றாம் நாள், உச்சி வெயில். ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசலில் மல்லிச்செடி பூத்துக் கிடந்தது. அருப்புக்கோட்டை போகிற லாரிகளில் ஒன்றிரண்டு என்னைப் பார்த்து வேகம் குறைத்தன. நான் கை காட்டவில்லை. ஏறி உட்கார்ந்தால், எங்கேயிருந்து வருகிறாய் என்று டிரைவர் கேட்பான். விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. பையின் வார் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

அறுபதுகள் முடிகிற சமயம் அது. ஆறாவதோடு படிப்பை விட்டு, கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு, பிடிக்காத ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மற்ற ஊர்களிலிருந்து கிளம்பியதற்கெல்லாம் காரணம் சொல்ல முடியும். கூலி தரவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கங்காணி கை நீட்டினான். பந்தல்குடியிலிருந்து கிளம்பியதற்குக் காரணம் நான்தான்.

அங்கே ஒரு வீட்டில் பத்து மாதம் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால், மாடு இல்லாத மாட்டுக்கொட்டத்தில். வீட்டுக்குள் இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, வெடித்த கட்டைவிரல்கள், இடுப்பில் எப்போதும் முனை மழுங்கிய ஒரு கத்தி. அந்தக் கத்தியால் அவள் காய் நறுக்கி நான் பார்த்ததில்லை. சுவரைச் சுரண்டுவாள், தட்டிப் பார்ப்பாள், இடுக்கில் விட்டு ஆழம் பார்ப்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்க்கும் முன் சுவரைப் பார்ப்பாள். "ஒங்க வடக்குச் சொவரு தண்ணி குடிக்குது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். அந்தத் தெருவில் சுவருக்கு ஏதாவது என்றால் அவளிடம்தான் வந்து கேட்டார்கள்.

அது அவள் வீடு இல்லை. வீட்டுக்காரர் மிளகாய் வற்றல் வியாபாரம். விருதுநகரில் கடை பெரிதானதும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். குலசாமிக்குப் பொங்கல் வைக்க மட்டும் வருசத்துக்கு ஒருமுறை பூர்வீக வீட்டுக்கு வருவார்கள். போகும்போது அக்காவிடம் சாவியைக் கொடுத்து ஒரே ஒரு பேச்சுப் பேசியிருந்தார். வாடகை வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும். வீடு கெட்ட அன்றைக்குச் சாவி திரும்ப வந்துவிட வேண்டும்.

அதற்கு முன் அவள் மிஷன் குடியிருப்பில் இருந்தவள். புருசன் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவர் இறந்துவிட்டார் என்றார்கள் சிலர். திருச்சுழிப் பக்கம் இன்னொருத்தியோடு இருக்கிறார் என்றார்கள் சிலர். அவள் இரண்டையும் மறுக்கவில்லை. ஒரே மகள். அந்த வருசம் மதுரையில் டீச்சர் டிரெயினிங்கில் சேர இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருசப் படிப்பு.

"ரெண்டு வருசம் இந்தக் கூரை தாங்குனாப் போதும் தம்பி. அவ ஒரு பள்ளிக்கூடத்துல போயி ஒக்காந்துட்டான்னா, அவுக கேக்குறதுக்கு முந்தி நானே விருதுநகருக்குப் போயி சாவியக் குடுத்துட்டு வந்துருவேன்" என்பாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது பங்குனியில். தூத்துக்குடி ரோட்டில் பாலம் கட்டுகிற இடத்தில் ஜல்லி சுமந்துகொண்டிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்கப் போனபோது அவள் தட்டையாக அடித்த ஒரு தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றாள்.

"தம்பி, ஏறத் தெரியுமா?"

"எதுலக்கா?"

"கூரையில."

"தெரியும்."

"ஓடு ஒடையாம?"

"அது தெரியாது."

"பரவால்ல, பொய் சொல்லல. ஏறு."

மூன்று ஓடு உடைத்தேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டாள். பிறகு அவற்றை இடித்துச் சலித்து, வாசற்படியின் ஓரத்துக்குச் சிவப்புக் கரை தீட்டினாள். பகலில் பாலத்து வேலை, மற்ற நேரத்தில் அவளுக்கு எட்டாத உயரத்து வேலை. அதற்குக் கொட்டத்தில் படுக்க இடமும் ஒரு வேளைக் கஞ்சியும். ஆண் ஆள் ஒருவன் அங்கே தங்குவது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். தெருவுக்குத் தெரியும். அவர்களுக்குச் சுவர் வைத்தியம் வேண்டியிருந்ததால் பேசாமல் இருந்தார்கள்.

எதற்காவது ஒரு சாமான் வேண்டுமென்றால் அவள் கடைக்குப் போக மாட்டாள். "வாங்குறதுக்கு முந்தி வீட்ட ஒரு சுத்து சுத்திட்டு வா" என்பாள். சொல்லிவிட்டு அவளே சுற்றக் கிளம்புவாள். முன்வாசலில் தொடங்கி, கிணற்றடி, கொட்டம், குப்பைமேடு வழியாகத் திரும்ப முன்வாசல். வரும்போது கையில் ஏதாவது இருக்கும். கதவின் கீல் அறுந்தபோது ஒரு துண்டு லாரி டியூப். சுண்ணாம்பு அடிக்கும் மட்டைக்குப் பதில் கல்லில் நைத்த கற்றாழை. ரோட்டோர லாரி பட்டறையில் வடித்துக் கீழே ஊற்றுகிற கறுப்பு எண்ணெயை வாங்கி வந்து கதவு, நிலை, உத்திரம் எல்லாவற்றுக்கும் பூசுவாள். கறையான் வராது. புது மரம் போலப் பளபளக்கும். ஒரு வாரத்துக்கு வீடு முழுக்க லாரி வாசம் வீசும்.

மிஷனில் கோதுமை வந்த துணிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, ஓட்டுக்குக் கீழே மறைப்பாகக் கட்டியிருந்தாள். சித்திரையில் அதற்குச் சுண்ணாம்புப் பால் அடித்தால் அறை இரண்டு பங்கு குளிர்ச்சியாக இருக்கும். ஆடிக் காற்றுக்கு ஜன்னல் இடுக்குகளில் புளியங்கொட்டைப் பசை போட்டுப் பேப்பர் ஒட்டுவாள். ஐப்பசிக்கு முன்னால் பால்பவுடர் டின்களை வெட்டித் தட்டி, விரிந்த ஓடுகளுக்கு அடியில் செருகுவாள். மார்கழியில் தென்னை ஈர்க்கும் பட்டக் காகிதமும் வைத்து நட்சத்திரம் செய்வாள். அதை முன்வாசலில் தொங்கவிட மாட்டாள், கிணற்றடியில்தான். வீட்டுக்காரரின் சாமிக்கு அது பிடிக்குமோ பிடிக்காதோ என்று அவளாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அடுத்தது பொங்கல் வெள்ளை. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, பழைய வேட்டியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, மூன்று பூச்சு. வருசம் அங்கே இப்படித்தான் கழிந்தது. மற்றவர்களுக்கு வெயில், காற்று, மழை, பனி. அவளுக்குக் கூரை, ஜன்னல், ஓடு, சுவர்.

மகளுக்கு இதில் எரிச்சல். லீவில் வந்திருந்தவள் ஒருநாள், ஏணியில் நின்ற தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏம்மா, இது யாரு வீடு? அடுத்தவுக வீட்டுக்கு அடிச்சு அடிச்சே நீ சாகப் போற."

"நம்ம வீடு இல்லேன்னா மழை வேற பக்கமாப் பெய்யுமாக்கும்? அந்தச் சட்டிய எடுத்துக் குடு."

வளையல் கதையை எனக்குச் சொன்னதும் அந்த மகள்தான். நான் வருவதற்கு நாலைந்து வருசம் முந்தி, வளையல்காரரிடம் உடைந்த வளையல்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து, முன்வாசல் நிலையைச் சுற்றி ஈரப்பூச்சில் ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறாள் அக்கா. கொடியும் பூவுமாகப் பதினைந்து நாள் வேலை. காலை வெயில் பட்டால் வாசலே பச்சையும் சிவப்புமாக மின்னுமாம். பொங்கலுக்கு வந்த வீட்டுக்காரரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "சுமங்கலி நொழையிற வாசல்ல ஒடஞ்ச வளையலப் பதிக்கலாமா? ஒனக்குத் தெரியாது, ஒங்க வேதம் வேற. எடுத்துரு." அன்று சாயங்காலமே கத்தியால் ஒவ்வொரு துண்டாகத் தோண்டி எடுத்து, குழிகளை அடைத்து, மேலே வெள்ளை அடித்தாள். கையில் ஏழெட்டு இடத்தில் வெட்டு. இரண்டு வருசம் கழித்து அதே அம்மாள் வாசலில் நின்று, "மதுரையில எங்க சம்பந்தி வீட்டுல இப்பிடித்தான் கண்ணாடி பதிச்சிருக்காக. நீ எதுக்கு அத எடுத்த?" என்று கேட்டாளாம்.

"எங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? திரும்பப் பதிக்கவா மதினின்னு கேட்டா" என்றாள் மகள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கரிசல் மண் சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மண் வெடித்தால் மேலே நிற்கிற சுவரும் வெடிக்கும். அந்த வீட்டின் கிழக்குச் சுவரில், ஜன்னலுக்கு அடியிலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு. காலையில் அதன் வழியாக வெயில் உள்ளே வந்து தரையில் ஒரு கோடு போடும். ஓடை மண், கம்பு உமி, மில்லில் கூட்டித் தள்ளுகிற கழிவுப் பஞ்சு மூன்றையும் பிசைந்து, இளக்கமாக அந்த வெடிப்பை அடைப்பாள். ஐப்பசியில் மழை பெய்ததும் கரிசல் தண்ணீர் குடித்து உப்பும். சுவர் திரும்ப மூடிக்கொள்ளும். அடைத்த மண் வெளியே பிதுங்கும். அதைக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு வெள்ளை அடிப்பாள். அடுத்த சித்திரையில் திரும்பவும் வெடிப்பு, திரும்பவும் மண். எட்டு ஒன்பது வருசமாக இதே வேலை.

நான் திருச்சுழிக்குத் தெற்கே செவற்காட்டில், செம்மண்ணில் பிறந்தவன். எங்கள் மண் வாய் திறக்காது. அவள் செய்வது எனக்கு முட்டாள்தனமாகப் பட்டது. பாலத்து வேலை முடிந்தபோது, அடியில் கொஞ்சம் கட்டிதட்டிய அரை மூட்டை சிமிண்டை மேஸ்திரி எனக்குக் கொடுத்தார். அப்போதெல்லாம் சிமிண்டு பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். ஜனங்கள் அதை மருந்து மாதிரி பார்த்தார்கள். மகளை ஹாஸ்டலில் சேர்க்க அக்கா மதுரைக்குப் போன இரண்டு நாளில், அந்த வெடிப்பில் அவள் அடைத்த மண்ணைத் தோண்டிவிட்டு உளியால் அகலமாக்கி, நனைத்து, செங்கல் துண்டும் சிமிண்டுமாகத் திணித்து, இறுக்கிப் பூசினேன். என் வேலையை நானே தள்ளி நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

அவள் வந்து பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். கத்தியின் பிடியால் தட்டினாள்.

"கல்லு மாதிரி இருக்கு."

"ஆமாக்கா."

"மழைக்கு இது அசைஞ்சு குடுக்குமா?"

"சிமிண்டு எதுக்குக்கா அசையணும்? அணையவே இதுலதான் கட்டுறாக."

இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரிதான். சர்க்காரே நம்புது, நமக்கென்ன" என்றாள். அன்று கடைக்குப் போய் இரண்டு முட்டை வாங்கி வந்து எனக்குப் பொரித்துக் கொடுத்தாள். கஞ்சிக்குப் போக, தின்கிற சாமானை அவள் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தனக்காக இன்னொருவர் ஒரு வேலை செய்து வைத்திருப்பதை அவள் எத்தனை வருசத்துக்குப் பிறகு பார்த்தாளோ. தெரிந்தவள்தான்; கரிசலில் பிறந்து வளர்ந்தவள்தான். இருந்தும் அந்த ஒரு நாள் தனக்குத் தெரிந்ததை நம்பாமல் என் சிமிண்டை நம்பினாள்.

ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை முதல் வாரம், காலையில் அவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது கிழக்குச் சுவரில் பாதி வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மூட வந்த சுவருக்கு நடுவில் என் சிமிண்டு ஆப்பு மாதிரி நின்றிருக்கிறது. ஆள் யாருக்கும் அடி இல்லை. மண்குவியலின் மேல் நான் பூசிய சிமிண்டு மட்டும் கொஞ்சமும் உதிராமல், பாளம் பாளமாகக் கிடந்தது.

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"பொங்கலுக்கு எத்தன நாளு கெடக்கு?"

"ஒண்ணர மாசத்துக்கு மேல இருக்குக்கா."

"காணும், போதும்" என்றாள். வீட்டைச் சுற்றி வரக் கிளம்பினாள்.

விழுந்த மண்ணையே குழைத்து, வைக்கோல் போட்டு மிதித்தோம். ஒரு முழம் எழுப்பினால் அது காய்ந்த பிறகுதான் அடுத்த முழம் வைக்க வேண்டும். வைகாசியில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மார்கழிப் பனியில் எங்கே காயும்? சட்டிகளில் எரு மூட்டம் போட்டுச் சுவரடியில் வைத்தாள். சாயங்காலமானால் வெளிப்பக்கம் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பனியை மறித்தாள். புகையில் அவள் கண் இரண்டும் சிவந்தே கிடந்தன. அந்த வருசம் கிணற்றடியில் நட்சத்திரம் இல்லை. காகிதம் வாங்கி வைத்திருந்தாள், ஈர்க்கும் சீவி வைத்திருந்தாள், நேரம்தான் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவில் வந்த மகள் சுவரைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அவுகட்ட உள்ளதச் சொல்லிருவோம். மழைக்கு விழுந்துச்சு, நாங்களே எழுப்பிட்டோம்னு. அதுல என்ன தப்பு?" என்றாள்.

"விழுந்ததுதான் அவுக மனசுல தங்கும். எழுப்புனது தங்காது" என்றாள் அக்கா. "நீ போயி படி."

சுவர் எழும்பிவிட்டது. தொட்டால் சில்லென்று இருந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மூன்று பூச்சு வெள்ளை அடித்தோம். மற்ற சுவர்களெல்லாம் கண்ணைக் கூச வைத்தன. அது மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. சாம்பல் நிறத்தில், வேர்த்த நெற்றி மாதிரி நின்றது. அவள் சுற்றி வந்தாள். ஒன்றும் கிடைக்காமல் வந்தது அந்த ஒரு முறை. உள்ளே போய், கூரையில் கட்டியிருந்த கோதுமைச் சாக்கு மறைப்பை அவிழ்த்தாள். காவியில் முக்கி, கரையில் கறுப்புச் சாந்தால் கோலம் அச்சிட்டு, சுவர் நீளத்துக்குத் திரையாகத் தொங்கவிட்டாள். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு லட்சணமான திரையை நான் பார்த்ததில்லை.

பொங்கலன்று வாடகைக் காரில் வந்தார்கள், வீட்டுக்காரரும் மனைவியும். என்னைக் கேட்டால் பொங்கல் வேலைக்குக் கூலிக்கு வந்தவன் என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை. கரும்புக் கட்டை இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கதவைத் தொட்டுப் பார்த்தார். "பரவால்லம்மா, வருசா வருசம் வீடு எளசாயிட்டே போகுது" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தில் அப்போது வந்து போனதைச் சந்தோசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பானை பொங்கி இறக்கியதும், புகையில் தலை வலிக்கிறது என்று வீட்டுக்காரரின் மனைவி உள்ளே வந்தாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் பிரசாதத்துக்கு வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் திரைப் பக்கமாகப் பாய் விரித்து உட்கார்ந்தாள். "இது நீ தச்சதா? நல்லாருக்கே" என்று சொல்லிக்கொண்டே அதில் சாய்ந்தாள். நானும் அக்காவும் ஒரே சமயத்தில் ஓர் எட்டு முன்னால் வைத்தோம். அதற்குள் நன்றாகச் சாய்ந்துவிட்டாள்.

எழுந்தபோது, திரை வழியாக ஊறி முதுகு முழுக்க வெள்ளை. அரக்குப் பட்டு. திரை நனைந்து அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னத்தா இது, முதுகெல்லாம் காக்கா எச்சம் மாதிரி" என்றாள் வந்திருந்தவர்களில் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

வீட்டுக்காரர் திரையை விலக்கினார். சாவிக்கொத்தால் சுவரைக் கீறினார். சாவி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தார். கொட்டத்துக்குப் பின்னால் பனையோலை போட்டு மூடி வைத்திருந்த சிமிண்டுப் பாளங்களைக் காலால் தள்ளினார்.

"இத யாரு பூசுனது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் இல்லை. ஒருவன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவுதான். நான் கையிலிருந்த கரும்பின் தோகையை உரித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் அண்ணாச்சி."

"ஏம்மா, கரிசல்ல பொறந்தவதான நீ? வெடிப்புல சிமிண்ட வச்சு அடச்சா மழைக்கு என்னாகும்னு தெரியாதா? பால்குடிப் புள்ளகூடச் சொல்லுமே."

"தெரியல அண்ணாச்சி."

"ஊருக்கெல்லாம் சொவத்துக்கு வைத்தியம் சொன்னவுக" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி. இந்தத் தடவை வாயைப் பொத்தாமலே சிரித்தார்கள்.

"மறச்சது அத விடத் தப்பு" என்றார் அவர். "நான் கெட்டவன் இல்ல. நாளைக்கு இது ஒன் தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது? பேச்சு பேச்சுதான். மாசி முடியறதுக்குள்ள சாவி வந்துரணும்."

"மக படிப்பு இன்னும் ஒண்ணர வருசம் இருக்கு அண்ணாச்சி."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

அந்த அம்மாள் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து, பட்டைக் கையில் ஏந்தி, "இந்த வெள்ள போகுமா?" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"போயிரும் மதினி. புளிச்ச மோரு இருந்தா ஒரு டம்ளர் குடுங்க" என்றாள் அக்கா. கிணற்றடியில் உட்கார்ந்து, பழந்துணியை மோரில் நனைத்து நனைத்து, ஜரிகை கெடாமல் ஒற்றி எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. வெள்ளை போய்விட்டது. பட்டை மடித்துக் கொடுத்தபோது கார் கிளம்பத் தயாராக நின்றது.

மறுநாள் முழுக்க நான் கொட்டத்தை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், எனக்குள் தயார் செய்து வைத்திருந்த சமாதானத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் திரையை மடியில் போட்டு, ஊசியால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூலைத் தனியாகச் சுற்றி வைத்தாள்.

"அக்கா, நாந்தான்னு அன்னைக்கு நான் சொல்லியிருந்தா, இவன் யாரு, பங்குனியில இருந்து இங்க என்ன பண்றான்னு கேட்டிருப்பாக. ஒங்க பேருதான் கெட்டிருக்கும். அதான்..."

"ஆமா, கேட்டிருப்பாக."

இன்னொரு தையலைப் பிரித்தாள்.

"நீ சொல்லியிருந்தாலும் வீடு போயிருக்கும்" என்றாள். "ஆனா சொல்லியிருக்கலாம் தம்பி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சுவர் தண்ணீர் குடிக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். நான் பையை எடுத்தேன். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. "அந்தப் பால்பவுடர் டின்ன எடுத்துக்கோ. வழியில தண்ணிக்கு ஆகும்" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் அருப்புக்கோட்டை வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் டீக்கடையில் ஒரு மேஸ்திரி ஆள் தேடிக்கொண்டிருந்தார். பாலவனத்தம் போகிற ரோட்டில் ஒரு நூல் வியாபாரிக்குப் புது வீடு. அஸ்திவாரத்துக்கு வானக் குழி தோண்ட வேண்டும். மண்வெட்டி அவரே தருவார், மத்தியானம் சோறு உண்டு. கூடப் போனேன்.

கயிறு பிடித்துக் கோடு போட்டிருந்தார்கள். முழங்கால் அளவு தோண்டியதும் நிமிர்ந்து, "போதுமா மேஸ்திரி?" என்றேன். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏலே, எந்த ஊர்க்காரன் நீ?"

"திருச்சுழிக்குத் தெக்க."

"அதான பாத்தேன். செவக்காட்டு அளவ இங்க வந்து சொல்ற. கருப்பெல்லாம் போயி அடியில சுக்கான் பாறை தட்டணும்டா, ஆளு ஒசரத்துக்கு. அரகுறயாத் தோண்டிக் கட்டுனா வருசா வருசம் சொவரு வாயப் பொளக்கும். மேல மண்ணப் பூசு, பொன்னப் பூசு, என்னைக்காவது ஒரு நாளு விழத்தான் செய்யும். கட்டுனவன் செஞ்ச தப்ப மேல இருக்கிறவன் பூசி மூட முடியாது."

நான் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றேன். கார்த்திகையில் புதுச் சுவர் எழுப்ப அடிமண்ணை ஒதுக்கியது நான்தான். அடியில் கண்டது இரண்டு வரிசைக் கல், அதுவும் முழங்காலுக்கு எட்டவில்லை. அதற்குக் கீழே வெறும் கரிசல். அந்த வீட்டைக் கட்டியது வீட்டுக்காரரின் அப்பா. என் சிமிண்டு இல்லாவிட்டாலும் அடுத்த வருசமோ அதற்கடுத்த வருசமோ அது விழுந்திருக்கும். ஒன்பது வருசம் நின்றதே அவள் இளக்கமாக வைத்த மண்ணால்தான். இதை அவள் அவரிடம் சொல்லலாம். கட்டினது சரியில்லை, நான்தான் இத்தனை வருசம் தாங்கிப் பிடித்தேன் என்று தெருவில் நின்று சொல்லலாம். சாவி தப்புமோ தப்பாதோ, அவள் பேராவது தப்பும். தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினால் பந்தல்குடி அரை மணி நேரம். மத்தியானத்துக்குள் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

"என்னடா நிக்கிற? வேலைக்கு வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி" என்றேன்.

மழை குடித்த மண் மெத்தென்று வெட்டுப்பட்டது. சோற்று நேரத்துக்குள் நெஞ்சளவு இறங்கிவிட்டேன். "பரவால்ல, வேலைக்காரன்தான்" என்றார் மேஸ்திரி. நாளைக்கும் வரச் சொன்னார்.